தோளில் ஒரு சோலார் துண்டு

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எந்த இன்ஜினியரிங் காலேஜின் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் அந்த மேஜை கட்டாயம் இருக்கும். ஹேங்கரில் ஒரு மிலிட்டரி டிசைன் ஜாக்கெட் தொங்கும். முதுகில் சின்னதாக ஒரு சோலார் பேனல், நெஞ்சுப் பக்கம் ஒரு எல்.சி.டி., உள்ளே இரண்டு பெல்டியர் மாட்யூல். தலைப்பு, 'ராணுவ வீரர்களுக்கான இ-யூனிஃபார்ம்'. வெயிலில் குளிர்ச்சி தரும், பனியில் சூடு தரும், ஜி.பி.எஸ். இருக்கும், எல்லாமே சூரிய சக்தியில் ஓடும் என்று போஸ்டர் சொல்லும். கொஞ்சம் குனிந்து மேஜைக்கு அடியில் பாருங்க. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு அமைதியா உட்கார்ந்திருக்கும்.

கிண்டல் பண்றதுக்காக இதைச் சொல்லல. அந்த ஐடியா நல்ல ஐடியாதான். வீரர்கள் கையில் எடுத்துப் போகிற ரேடியோ, ஜி.பி.எஸ்., இரவில் பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் அவர்கள் உடம்பிலேயே சூரிய மின்சாரம் தயாராக வேண்டும் என்று பல நாடுகளில் பல வருஷமாக வேலை நடந்திருக்கிறது. என் வருத்தம் வேற. நாம பேனலை மட்டும் யோசிக்கிறோம். எடை, நாள் கணக்கு, துணி என்கிற மூணையும் யோசிக்கிறதே இல்லை. இந்த மூணையும் யோசிச்சா, இந்த வேலை டெல்லியிலோ பெங்களூரிலோ நடக்க வேண்டியது மட்டுமில்லை, எளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் நடக்க வேண்டியது என்று புரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வார்த்தை முன்கூட்டியே. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'பவர் டென்சிட்டி'க்குத் தமிழ் தேடினால் எனக்கும் தலை சுத்தும். அதனால தெரிஞ்ச வார்த்தையிலேயே எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதுகில் இருப்பது பேட்டரி

2022 ஆகஸ்ட் 16 அன்று டெல்லியில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் 'எஃப்-இன்சாஸ்' என்ற திட்டத்தின் கருவிகளை ராணுவத்திடம் ஒப்படைத்தார். எதிர்காலக் காலாட்படை வீரரையே ஒரு முழு சிஸ்டமாகப் பார்ப்பது அதன் நோக்கம். ஏ.கே.-203 துப்பாக்கி, அதில் பகலிலும் இரவிலும் குறி பார்க்கும் சைட், குண்டு துளைக்காத ஹெல்மெட்டும் உடுப்பும், கூட இருக்கிற வீரர்களோடும் கமாண்ட் போஸ்ட்டோடும் கையைப் பயன்படுத்தாமலே பேசுகிற பாதுகாப்பான தகவல் தொடர்பு செட். படிக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இன்ஜினியரிங் மாணவர்களா நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இதுல எலக்ட்ரானிக்ஸ் எத்தனை, அத்தனைக்கும் சார்ஜ் எங்கிருந்து வரும்?

துப்பாக்கிக்குத் தோட்டா தீர்ந்தால் என்ன ஆகும் என்று சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ரேடியோவுக்குச் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. அடிபட்ட கூட்டாளியைத் தூக்கிச் செல்ல ஹெலிகாப்டரைக் கூப்பிட முடியாது. தான் நிற்கும் இடத்தைச் சொல்ல முடியாது. அதனால் யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஆப்கானிஸ்தானில் 72 மணி நேர ரோந்துக்குப் போகும் ஒரு வீரர் சுமார் 70 பேட்டரிகளை, ஏறத்தாழ 7 கிலோ எடையில், சுமந்ததாக அமெரிக்க ராணுவத்தின் கணக்கு சொல்கிறது. தண்ணீர், சாப்பாடு, தோட்டா எல்லாம் அதுக்கு மேல.

நம்ம நாட்டில் முகாம்களுக்கு சூரிய சக்தி ஏற்கெனவே போயாச்சு. 2021 ஏப்ரலில் வடக்கு சிக்கிமில் 16,000 அடி உயரத்தில், வனேடியம் பேட்டரியோடு கூடிய 56 கே.வி.ஏ. சோலார் பிளான்ட்டை ராணுவம் தொடங்கியது. மும்பை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து செய்த வேலை அது. அதே வருஷம் பிப்ரவரியில் லடாக்கின் சோனம் வாங்சுக், சுமார் 10 ஜவான்கள் தங்கக்கூடிய, வெயிலாலேயே சூடாகும் கூடாரத்தைக் காட்டினார். எந்தப் பாகமும் 30 கிலோவுக்கு மேல் போகாதபடி பிரித்துத் தூக்கிச் செல்லலாம். ஆனா முகாமை விட்டு நடந்து போகிறவர் கூட அந்த பிளான்ட்டும் வராது, அந்தக் கூடாரமும் வராது. அவர் முதுகில் இருப்பதுதான் அவருக்கு மின்சாரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் அந்த இ-யூனிஃபார்ம். நாம வாங்கற டி.இ.சி.1-12706 பெல்டியர் ஒண்ணே 12 வோல்ட்டில் சுமார் 50 வாட் இழுக்கும். ஜாக்கெட்டில் ஒட்டுகிற பேனல் 5 அல்லது 10 வாட். அப்ப அந்த ஜாக்கெட் எதில் ஓடுது? மேஜைக்கு அடியில் இருக்கிற பேட்டரியில்தான். அதன் எடை 2 கிலோவுக்கு மேல், உள்ளே இருப்பது 84 வாட்-அவர். ஒரே ஒரு பெல்டியரை ஓட்டினால் இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. வீரரின் சுமையைக் குறைக்க வந்த ப்ராஜெக்ட், சுமையைக் கூட்டிவிட்டது.

சரி, பெல்டியரைத் தூக்கிப் போடுவோம். ரேடியோ, ஜி.பி.எஸ்., இரவுக் கருவி மட்டும். ஒரு உதாரணத்துக்கு, எல்லாம் சேர்ந்து சராசரியாக 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 120 வாட்-அவர். உங்க பையில் இருக்கிற 10,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்கில் 37 வாட்-அவர் இருக்கும், எடை சுமார் 200 கிராம். அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 180 வாட்-அவர். அந்தக் கணக்கில் மூணு நாளைக்கு 360 வாட்-அவர், 2 கிலோ. முரட்டுத்தனமா கையாளத் தோதாக உறை போட்டால் எடை இன்னும் கூடும்.

இப்ப சோலார். பையின் மூடியிலும் தோளிலும் சேர்த்து 0.1 சதுர மீட்டர் பேனல் வைக்கலாம் என்று எடுத்துக்கலாம். திறன் 20 சதவீதம். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோவாட்-அவர் விழுந்தால், அந்தப் பேனலை மொட்டை மாடியில் படுக்க வைத்தால் 100 வாட்-அவர் கிடைக்கும். ஆனா இது மொட்டை மாடி இல்லை, ஆள். அவர் மரத்தடியில் நிற்பார், திரும்புவார், குனிவார், பேனல் மேல் தூசி படியும். பத்தில் மூணு பங்கு கிடைச்சாலே பெரிசு. அதாவது 30 வாட்-அவர். தேவையில் கால் பங்கு.

'அவ்ளோதானா?' என்று விட்டுடாதீங்க. முக்கியமான விஷயம் இனிமேல்தான். பேனல், கன்ட்ரோலர், வயர் எல்லாம் சேர்ந்து 500 கிராம் என்று வைத்தால், அந்த எடைக்குப் பேட்டரியே எடுத்துப் போயிருந்தால் 90 வாட்-அவர் கிடைத்திருக்கும். பேனல் அந்த 90-ஐத் தர மூணு நாள் ஆகும். முதல் நாள் சோலார் நஷ்டம். மூணாம் நாள் சரிக்குச் சரி. பத்தாம் நாள் 300 வாட்-அவர் தந்திருக்கும், ஒரு கிலோவுக்கு மேல் சுமை மிச்சம். அதனால 'சோலார் நல்லதா?' என்று கேட்டால் பதில் கிடையாது. 'எத்தனை நாள் ரோந்து?' என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். எக்ஸ்போ போஸ்டர்களில் இந்த ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

உச்சி வெயிலும் முதுகும்

பேனலை ஏன் எல்லாரும் முதுகில் ஒட்டுகிறார்கள்? அங்கேதான் இடம் இருக்கிறது. ஆனால் சூரியன் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சேலம் ஏறத்தாழ 11.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேல் வரும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த நேரத்தில் நேராக நிற்கும் ஆளின் முதுகில் நேரடி வெயில் ஏறத்தாழ பூஜ்யம். மண்டையைப் பிளக்கிற வெயில், ஆனா முதுகுப் பேனலுக்கு ஒண்ணும் கிடைக்காது. தோளும், தொப்பியும், பையின் மேல்மூடியும்தான் வேலை செய்யும்.

இப்ப லே நகரத்துக்குப் போங்க. 34 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரிதான் ஏறும். அங்கே கதை தலைகீழ். படுக்க வைத்த பேனலுக்கு நேரடி வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் முதுகுப் பேனலுக்கு 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். பனித்தரையில் பட்டுத் திரும்பும் ஒளி வேற. ஆக, நம்ம கேம்பஸில் டெஸ்ட் பண்ணி நல்லா வந்த டிசைன் லடாக்கில் சுமாராகப் போகலாம். இங்கே தோற்றது அங்கே ஜெயிக்கலாம். கோணத்தை எழுதாத டெஸ்ட் ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்லை.

வெப்பமும் அப்படித்தான். சிலிக்கான் பேனல் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் சக்தியை இழக்கும். சித்திரை வெயிலில் கருப்புப் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 16 சதவீதம் காலி. குளிரில் பேனலுக்குக் கொண்டாட்டம், பேட்டரிக்குத் திண்டாட்டம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே ஆனோடு மேல் படியும். செல் பாழாகும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. அதனால பேனல் வெளியே, பேட்டரி சட்டைக்கு உள்ளே உடம்புச் சூட்டில் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவில் வயர் போகிற பாதையை யார் டிசைன் செய்வது? இ.இ.இ. மாணவரா, தையல் தெரிந்தவரா? என் பதில், ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து.

மத்தவங்க என்ன செஞ்சாங்க?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ் குழுவினர் 'ஸ்லிவர்' என்ற செல்லை உருவாக்கினார்கள். சிலிக்கான் வேஃபரை மெல்லிய கீற்றுகளாகச் சீவியது போல இருக்கும். 100 மைக்ரானுக்கும் குறைவான தடிமன் என்பதால் உடையாமல் வளையும். அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உதவியோடு அதை வைத்து வீரர்கள் அணியும் பேனல் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இன்னொரு வழியில் போனார்கள். பகலில் சோலார், இரவில் வெப்ப வித்தியாசத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தெர்மோ எலக்ட்ரிக். வழக்கமான பேட்டரிப் பொதியின் எடையைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. இந்த ரெண்டு டீமும் தங்கள் வேலையை எடையிலிருந்து ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனிங்க.

எனக்கு அதிகம் பாடம் சொன்னது மூணாவது கதை. 2010-ல் ஆப்கானிஸ்தானின் சாங்கின் பகுதிக்குப் போன அமெரிக்க மரைன் கம்பெனி ஒன்று மடிக்கும் சோலார் பேனல்களை எடுத்துப் போனது. அதில் ஒரு ரோந்துக் குழு மூணு வாரம் வெளியிலிருந்து பேட்டரி வரவழைக்காமலே சமாளித்தது என்றும், சுமார் 300 கிலோ பேட்டரிச் சுமை மிச்சம் என்றும் மரைன் படையே சொன்னது. இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, மூணு வாரம். நம்ம கணக்கு சொன்ன அதே சேதி, நாள் கூடக் கூடத்தான் சோலாருக்கு லாபம். ரெண்டு, அந்தப் பேனலை அவர்கள் உடுத்திக்கொண்டு நடக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்து, நின்ற இடத்தில் விரித்தார்கள்.

ஜாக்கெட் வேண்டாம், துண்டு போதும்

இங்கேதான் நம்ம ஊர் ஞாபகம் வருது. உடுத்தவும் செய்யலாம், விரிக்கவும் செய்யலாம் என்று ஒரு பொருள் நம்மகிட்ட எப்பவோ இருக்கே. துண்டு! நடக்கும்போது தோளில் கிடக்கும். வெயிலுக்குத் தலையில் ஏறும். உட்கார்ந்தால் கீழே விரியும். சுமை தூக்கினால் சும்மாடாகும். நாமக்கல் லாரி டிரைவரையும் ராசிபுரம் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவரையும் துண்டு இல்லாமல் பார்த்திருக்கீங்களா?

0.3 சதுர மீட்டரில் ஒரு சோலார் துண்டு என்று கற்பனை பண்ணுங்க. ஏறத்தாழ 50-க்கு 60 சென்டிமீட்டர், முழு வெயிலில் 60 வாட். அமெரிக்க ராணுவத்தின் 'ரெப்ஸ்' என்ற தோள்பைக் கருவியோடு வரும் சோலார் விரிப்பு 62 வாட் என்பதால் இது ஆகாத அளவு இல்லை. நடக்கும்போது பை மேல் போர்த்தினால் கொஞ்சம் வரும். ஓய்வெடுக்கும்போது சூரியனைப் பார்த்து மூணு மணி நேரம் விரித்தால், இழப்பெல்லாம் போக 100 வாட்-அவர் வரை எதிர்பார்க்கலாம். நம்ம உதாரண வீரரின் ஒரு நாள் தேவையில் பெரும் பங்கு. பேனல் கிலோவுக்கு 100 வாட் தந்தால் துண்டு 600 கிராம், கன்ட்ரோலரும் வயரும் 300 கிராம். ரெண்டே நாளில் தன் எடைக்கான பேட்டரியை ஈடுகட்டிவிடும். முதுகில் ஒட்டிய ஜாக்கெட்டைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

பிரச்சினை இல்லாமல் இல்லை. விரித்த பேனல் பளபளத்தால் எதிரிக்கு இடம் தெரியும், அதனால் மேற்பரப்பு மங்கலாக இருக்கணும். மங்கலாக்கினால் கொஞ்சம் திறன் போகும். செல்களை வரிசையாக இணைத்தால், ஒரு செல் மேல் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கத் தளரும். பைபாஸ் டயோடை எத்தனை இடத்தில் வைப்பது என்பதே ஒரு முழு ப்ராஜெக்ட். அப்புறம் மடிப்பு. ஒரே மடிப்பில் ஆயிரம் தடவை மடித்தால் முதலில் உடைவது செல் இல்லை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் போகிற இணைப்புதான்.

அந்த இணைப்பை நெய்ய முடியுமா?

இதுக்குத்தான் எளம்பிள்ளை பக்கம் கூப்பிடறேன். பட்டுப்புடவையில் ஓடுகிற அசல் சரிகை எது? பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்கப் பூச்சு கொடுத்தது. ஒரு மல்டிமீட்டர் வெச்சிருக்கிற மாணவரா யோசிங்க. அது மின்சாரம் கடத்துகிற நூல்! 'கண்டக்டிவ் யார்ன்' என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்துவிட்டு வெளிநாட்டு வெப்சைட்டில் விலை பார்க்கிறோம். உலோக நூலை அறுந்து போகாமல், முறுக்கு ஏறாமல் தறியில் ஓட்டும் கைப்பழக்கம் நம்ம பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. இப்போது புடவைகளில் அதிகம் வருவது பிளாஸ்டிக் கலந்த போலிச் சரிகை, அது இந்த வேலைக்கு ஆகாது. அசல் சரிகையும் விலை தாங்காது. ஆனால் செம்பு நூலையோ வெள்ளி பூசிய நைலானையோ அதே கைகளிடம் கொடுத்துப் பார்க்கலாமே. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு எத்தனை? சேலத்திலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு. கோயம்புத்தூரில் 'சிட்ரா' என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஆவடியில் 1961-லிருந்து ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கு. இந்திய வீரரின் சட்டை தமிழ்நாட்டிலும் தைக்கப்படுகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டது. அதன் ஐந்து முனையங்கள் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி. நம்ம சேலமும் அதில் ஒண்ணு. டிஃபென்ஸ் காரிடார் என்றதும் நமக்குப் பீரங்கி, விமான பாகம், ஸ்டீல் என்றுதான் தோணுது. ஆனால் இந்த மண்ணுக்குத் தெரிந்த வித்தை இரும்பு மட்டுமில்லை, நூலும்தான். பீரங்கிக்குப் பெரிய கம்பெனி வேணும். சோலார் துண்டுக்கு ஒரு தறி, ஒரு சால்டரிங் அயர்ன், பொறுமையான நாலு பேர் போதும்.

உங்க கேள்விகள்

'போர்க் கருவிக்கு நாம ஏன் உழைக்கணும்?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அவரவர் மனசாட்சிக்கு விட்டது. நான் சொல்வது ஒண்ணுதான். இந்தத் துண்டு யாரையும் சுடாது. ரேடியோவை உயிரோடு வைத்திருக்கும். அதே துண்டு கொல்லிமலையிலோ சேர்வராயன் மலையிலோ காட்டுக்குள் ரோந்து போகும் வனக் காவலரின் வாக்கி டாக்கிக்கும் உதவும். புயலுக்குப் பின் கரண்ட் இல்லாத கிராமத்துக்குப் போகும் மீட்புக் குழுவுக்கும் உதவும். ராணுவத்துக்குத் தாங்கும்படி செய்தால் மற்றவர்களுக்குத் தானாகவே தாங்கும்.

'நம்ம ப்ராஜெக்ட்டை எல்லாம் யார் எடுத்துக்கப் போறாங்க?' என்பது அடுத்த கேள்வி. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் 'ஐடெக்ஸ்' திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஸ்டார்ட்அப், சிறு தொழில் நிறுவனம், தனி நபர் யார் வேண்டுமானாலும் படைகள் சொல்லும் பிரச்சினைக்குத் தீர்வோடு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் மானியம் உண்டு. கோயம்புத்தூர் கொடிசியாவில் இதற்கென்றே இன்குபேஷன் சென்டர் நடக்கிறது. கதவு திறந்துதான் இருக்கு. ஆனா அங்கே எல்.சி.டி.யில் 'வெல்கம்' ஓடவிட்டுக் காட்ட முடியாது. 'ஜே.எஸ்.எஸ். 55555' என்று முப்படைகளுக்கும் பொதுவான ஒரு டெஸ்டிங் தரம் இருக்கு. தூசி, உப்புக் காற்று, அதிர்வு, கடுங்குளிர் எல்லாவற்றையும் தாண்டணும். அதைப் படிக்காமல் 'ஃபார் சோல்ஜர்ஸ்' என்று தலைப்பு வைப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தலைப்பை நம்பி ஒருத்தர் பனியில் நிற்கக்கூடும்.

மூணாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். 'காசு கொடுத்தா ரெடிமேடா ப்ராஜெக்ட் கிடைக்குதே, எதுக்கு இவ்ளோ பாடு?' எக்ஸ்டர்னல் வருவார், பத்து நிமிஷம் பார்ப்பார், மார்க் விழும். அதுல ஒண்ணும் மாறப் போவதில்லை. ஆனா நாலு வருஷம் படிச்ச ஓம் விதியை ஒரு தடவையாவது நிஜமான ஒரு ஆளுக்காகப் பயன்படுத்திப் பார்க்கிற வாய்ப்பு இந்த ஒரு செமஸ்டரோட முடிஞ்சுடும். அப்புறம் ஆஃபர் லெட்டர், பெஞ்ச், டிக்கெட் குளோஸ் பண்றது என்று வாழ்க்கை போயிடும்.

அப்ப என்னதான் செய்யறது?

தர்ட் இயரில் இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு நாலு வேலை சொல்றேன். ஒவ்வொண்ணும் தனி ப்ராஜெக்ட்டாகத் தாங்கும்.

ஒண்ணு, அளந்து பாருங்க. தோள், தொப்பி, பை மூடி, முதுகு என நாலு இடத்தில் ஒரே மாதிரி நாலு சின்னப் பேனலை மாட்டி, ஒரு டேட்டா லாகரோடு ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நாள் முழுக்க நடங்க. நொடிக்கு ஒரு ரீடிங். எந்த இடம் எத்தனை வாட்-அவர் தந்தது என்ற ஒரே ஒரு கிராஃப், பத்து இ-யூனிஃபார்முக்குச் சமம்.

ரெண்டு, மடிச்சுப் பாருங்க. பழைய வைப்பர் மோட்டார் ஒண்ணு வாங்கி, துணிப் பேனலை விடாமல் மடிச்சு விரிக்கிற மெஷின் செய்யலாம். நம்ம மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு இது ஒரு வார வேலை. எத்தனையாவது மடிப்பில் இணைப்பு விட்டது என்று எழுதி வையுங்க.

மூணு, நெய்து பாருங்க. ஒரு தறிக்காரரிடம் நேரில் போய், செம்பு நூலை ஊடையில் விட முடியுமா என்று கேளுங்க. அவர் சிரிச்சாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேசுங்க. அவருக்குக் கூலி கொடுங்க, ரிப்போர்ட்டில் அவர் பேரைப் போடுங்க.

நாலு, எடை போடுங்க. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மொத்த எடை எவ்வளவு, அதே எடையில் பேட்டரி எடுத்துப் போயிருந்தால் எத்தனை வாட்-அவர், எத்தனையாவது நாளில் சோலார் முந்துகிறது என்ற மூணு எண்ணையும் எழுதுங்க. முந்தவே இல்லை என்று வந்தாலும் மறைக்காம எழுதுங்க. அந்த ரிசல்ட்டும் அடுத்த பேட்ச்சுக்கு உதவும்.

இ.இ.இ., இ.சி.இ., மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் என்று தனித்தனி டிபார்ட்மென்ட்டா இதைச் செய்ய முடியாது. ஹெச்.ஓ.டி.களே, நாலு டிபார்ட்மென்ட் மாணவர்கள் ஒரே டீமில் ப்ராஜெக்ட் செய்ய அனுமதி கொடுங்க. இந்த இதழை நீங்களும் படிக்கிறீங்கன்னு தெரியும், அதனால இங்கேயே கேட்டுக்கறேன்.

வெயில் நமக்கு இலவசம். தறி பக்கத்து ஊரில். மல்டிமீட்டர் லேபில் பூட்டிக் கிடக்கு. சாவி யாரிடம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், போய்க் கேளுங்க.